ஏசி-டியா, டிசியா? அறுவைக்குப் பிந்தைய கீமோவில் எது யாருக்கு

மார்பகப் புற்றுக் கட்டியை எடுத்து, தையலும் ஆறியபின் என் அக்காவிடம் டாக்டர் ஒரு தாளில் இரண்டு கீமோ மருந்துக் கூட்டுகளின் பெயர்களை எழுதிக் காட்டினார்: ஏசி-டி, டிசி. முதலாவது 24 வாரம், மற்றது 12 வாரம். “சீக்கிரம் முடிவதையே போட்டுக்கொள்கிறேனே” என்றாள் அக்கா. யாருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும்.

இரண்டிலும் இருக்கும் ‘சி’ ஒன்றுதான், சைக்ளோபாஸ்பமைட். ‘டி’ டாக்சேன் வகை மருந்து: ஏசி-டியில் பெரும்பாலும் பேக்லிடாக்சல், டிசியில் டோசிடாக்சல். ஆக, வழக்கே ‘ஏ’ மேல்தான். அது டாக்ஸோரூபிசின், அந்தச் சிவப்பு மருந்து. ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும் என்பதால், நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஊசி ஏறும் இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் மெல்லச் செலுத்துவார். அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் என்று பதறிவிடுவோம்.

டிசிக்குப் பேர் வாங்கித் தந்தது 1,016 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு. நான்கு சுற்று ஏசி மட்டும் ஒரு பக்கம், நான்கு சுற்று டிசி மறுபக்கம். ஏழு ஆண்டுகள் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஏசியில் 75 சதவீதம், டிசியில் 81. இதைப் படித்துவிட்டு ‘ஏ’ இனி எதற்கு என்று பலர் கேட்டார்கள். ஆனால் அங்கே எதிரில் நின்றது வெறும் ஏசி, பின்னால் டாக்சேன் சேர்த்த ஏசி-டி இல்லை. இதைக் கவனிக்காமல் டிசிதான் மேல் என்று பேசுவது சரியில்லை.

நேரடிப் போட்டியின் முடிவு 2017-இல் வந்தது. ஹெர்-2 நெகட்டிவ், அதாவது கட்டியில் ஹெர்-2 என்ற புரதம் மிகுதியாக இல்லாத நோயாளிகள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஆறு சுற்று டிசி ஒரு பக்கம், ‘ஏ’யும் டாக்சேனும் சேர்ந்த சிகிச்சை மறுபக்கம். நான்காண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் டிசியில் 88.2 சதவீதம், ‘ஏ’ சேர்ந்ததில் 90.7. அந்த இரண்டரை சதவீதம் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பிரியவில்லை என்பதுதான் விஷயம். ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ் (ஹார்மோனைப் பற்றும் ஏற்பிகள் கட்டியில் உண்டு), அக்குள் நெறிக்கட்டியில் பரவல் இல்லை என்றால் ‘ஏ’யால் லாபமே தெரியவில்லை. ஹார்மோன் நெகட்டிவ், நெறிக்கட்டியிலும் பரவியிருக்கிறது என்றால் வித்தியாசம் சுமார் 11 சதவீதம். முதல் வகைக்கு நான் யோசிக்காமல் டிசி என்பேன். இரண்டாவதில், இதயம் தாங்கும் என்றால் 12 வாரம் மிச்சம் பிடிக்கப் பார்க்கக் கூடாது.

இதயம் என்றதும் பயப்படுகிறோம், நியாயம்தான். டாக்ஸோரூபிசின் இதயத் தசையைப் பலவீனமாக்கலாம். ஆயுளுக்கும் சேர்த்து இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு, பொதுவாகச் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம். நான்கு சுற்றில் போவது 240. முன்கூட்டி எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பது இதற்காகத்தான். வெகு சிலருக்குப் பின்னாளில் ரத்தப் புற்றும் வரலாம்.

அதற்காக டிசியைச் சாது என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளணுக்களை நன்றாகவே கீழே தள்ளும். 38 டிகிரி காய்ச்சல் வந்தால் நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். நகம் கறுக்கும், கால் வீங்கும். முடி இரண்டிலுமே கொட்டும். டோசிடாக்சலில் அரிதாகச் சிலருக்குத் திரும்ப முளைப்பதே இல்லை.

சைக்ளோபாஸ்பமைடோடு மெத்தோட்ரெக்சேட், ஃப்ளூரோயூராசில் சேர்ந்த பழைய சிஎம்எஃப்? 1976-இல் மிலானிலிருந்து வந்த ஆய்வு அறுவைக்குப் பிந்தைய கீமோவுக்கே வழி திறந்தது. இன்று இந்த இரண்டும் ஒத்துவராதவர்களுக்குக் கைகொடுக்கிறது, அவ்வளவுதான். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் சேரும், கணக்கே வேறு. அப்புறம், ஹார்மோன் பாசிட்டிவாக இருப்பவர்களில் பலருக்குக் கீமோவே தேவைப்படாது. கட்டியின் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

அக்காவின் ரிப்போர்ட்டில் இரண்டு நெறிக்கட்டியில் பரவல், ஹார்மோன் நெகட்டிவ். ஏசி-டி என்று முடிவானது. அவள் பயந்தது சிவப்பு மருந்துக்கு. படுத்தியதோ வாராவாரம் ஏறிய பேக்லிடாக்சல். ஒன்பதாவது வாரம் சட்டைப் பொத்தானைப் பிடிக்க முடியாமல் விரல்கள் மரத்துப்போயின. அடுத்த முறை மறைக்காமல் சொன்னாள், டோஸைக் குறைத்தார்கள். இப்போது பொத்தான் போடுகிறாள், கொஞ்சம் நேரம் எடுக்கிறது.