ஈவென்ட் கேமரா வாங்கப் போகிறீர்களா? டேட்டாஷீட்டை நம்பி நாங்கள் ஏமாந்ததைப் படித்துவிடுங்கள்

பல மாதமாக மனதில் கிடக்கும் ஆத்திரம் இது. இன்னொருவர் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மூடிய இயந்திரத்துக்குள் வேகமாகச் சுழலும் பிளேடின் முனை எந்தக் கணத்தில் கடக்கிறது என்று பிடிக்க வேண்டியிருந்தது. ஈவென்ட் கேமராவில் ஃபிரேம், அதாவது முழுப் படம், என்பதே கிடையாது, ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழும் ஒளி குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ தனியாகச் செய்தி அனுப்பும், அந்தச் செய்திதான் ஈவென்ட், அதனால் எங்கள் வேலைக்கு இதுதான் சரி என்று முடிவு செய்தோம். டேட்டாஷீட்டில், அதாவது விற்பவர் தரும் விவரத் தாளில், லேட்டன்சி (ஒளி மாறியதிலிருந்து ஈவென்ட் வரும்வரை ஆகும் தாமதம்) 100 மைக்ரோநொடிக்குள், டைனமிக் ரேஞ்ச் (சமாளிக்கும் மிகக் கூடிய ஒளிக்கும் மிகக் குறைந்த ஒளிக்கும் உள்ள விகிதம்) 120 டெசிபல், 15 சதவீத ஒளி மாற்றத்தையே உணரும், இரைச்சல் (ஒளி மாறாமலே வரும் பொய் ஈவென்ட்) மிகக் குறைவு என்று போட்டிருந்தது. காட்டிய டெமோவும் பளிச்சென்று இருந்தது.

எங்கள் இடத்தில் மாட்டியதும் எல்லாம் மாறிப்போனது. முனை கடந்து சில மில்லிநொடி கழித்துதான் ஈவென்ட் வருகிறது, அதுவும் சுற்றுக்குச் சுற்று வேறுபடுகிறது. விற்றவர்களிடம் கேட்டால், "டைம்ஸ்டாம்ப் (ஈவென்டின் மேல் குறிக்கும் நேரம்) 1 மைக்ரோநொடி துல்லியம்தானே" என்றார்கள். தாமதமாக வந்த செய்தியின் மேல் எவ்வளவு நுணுக்கமாக நேரம் குறித்தாலும் அது தாமதம்தான், இதைத் தெரியாமல் சொன்னார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சரி, நாமே அளப்போம் என்று ஒரு எல்இடியை ஃபங்ஷன் ஜெனரேட்டரில் (விரும்பிய மின் சிக்னலைத் தரும் கருவி) இணைத்து, அதே சிக்னலைக் கேமராவின் டிரிக்கர் உள்ளீட்டுக்கும் (வெளிச் சிக்னல் வந்த நேரத்தைப் பதியும் இணைப்பு) கொடுத்தேன். இரண்டும் ஒரே கடிகாரத்தில் பதிவாவதால் வித்தியாசம்தான் லேட்டன்சி. நல்ல வெளிச்சத்தில் அவர்கள் சொன்ன எண் கிட்டத்தட்ட வந்தது. ஒளியைக் குறைக்கக் குறைக்க மில்லிநொடிக்குப் போய்விட்டது. பிக்சலுக்குள் இருக்கும் ஒளி உணர் சுற்றின் வேகம் அதில் ஓடும் ஒளி மின்னோட்டத்தைப் பொறுத்தது, ஆகவே இது இயல்பு, அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. 2008-இல் வெளியான 128×128 பிக்சல் சென்சாரின் 15 மைக்ரோநொடி லேட்டன்சிகூட, சென்சார் சில்லின் மேல் 1000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) விழும்போது என்ற நிபந்தனையோடு சொல்லப்பட்டதுதான். எங்களுக்கு விற்றவர்களின் தாளில் லக்ஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை. சில்லின் மேல் என்பதையும் கவனியுங்கள்: எஃப் 2 திறப்புள்ள லென்ஸ் போட்டால், எதிரே வெள்ளைத் தாளே இருந்தாலும், அதன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 16-இல் 1 பங்குதான் சில்லுக்கு வந்து சேரும். எங்கள் பிளேடோ கறுத்த இரும்பு.

உண்மையில் ஏமாற்றியது இதைவிடப் பெரிய விஷயத்தில். எந்த பயாஸ் அமைப்பில் (பிக்சலின் வேகத்தையும் உணர்திறனையும் தீர்மானிக்கும் மின் அமைப்பு) அளந்தீர்கள் என்று விடாமல் கேட்டதும், மூன்று வெவ்வேறு பயாஸ் கோப்புகளை அனுப்பினார்கள். லேட்டன்சிக்கு ஒன்று, 15 சதவீதத்துக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று! வேகமான அமைப்பைப் போட்டு அசையாத வெள்ளைச் சுவரை மங்கிய ஒளியில் காட்டினால் திரை முழுக்கப் பொரிப்பொரியாக ஈவென்ட் கொட்டுகிறது. இரைச்சல் குறைந்த அமைப்புக்குப் போனால் பிளேடே பாதி நேரம் தெரிவதில்லை. ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்ட அந்த எண்கள் ஒரே நேரத்தில் அந்தக் கேமராவில் இருந்ததே இல்லை. டெமோவில் இரைச்சல் ஃபில்டரும் ஓடிக்கொண்டிருந்ததாம். அக்கம்பக்கத்துத் துணையில்லாமல் தனியாக வரும் ஈவென்டை அந்த ஃபில்டர் விழுங்கிவிடும், எங்களுக்குத் தேவைப்பட்டதோ அந்த முதல் ஈவென்ட்.

அப்புறம் அந்த 120 டெசிபல். அதாவது 10 லட்சத்துக்கு 1 என்ற ஒளி விகிதம். அடிமட்ட ஒளியில் பெரிய கறுப்பு வெள்ளை மாற்றத்துக்கு ஏதோ ஒரு ஈவென்ட் வந்தால் போதும் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஒளியில் 15 சதவீத மாற்றமும் தெரியாது, வேகமும் இருக்காது.

இன்னொரு சோதனையையும் செய்து பாருங்கள்: எல்இடி ஒளியைச் சென்சாரின் சின்ன மூலையில் மட்டும் விழவைத்து ஒருமுறை, முழுவதும் விழவைத்து ஒருமுறை. எங்களுடையதில் முழுவதும் விழுந்தபோது ஈவென்ட்கள் வெளியேற வரிசையில் காத்து நின்று நேரம் சிதறியது, சில வரவே இல்லை. மாறுமின்சாரத்தில் எரியும் வீட்டு விளக்கை நம்பி அளக்காதீர்கள், அதன் மினுக்கமே ஈவென்டாக வரும். நேர்மின்சாரத்தில் எரியும் எல்இடி வையுங்கள்.

பணம் திரும்பவில்லை. இப்போது வேறொரு விற்பனையாளரிடம் பேசுகிறோம். ஒரே பயாஸ் அமைப்பில், நான் சொல்லும் ஒளியில், ஃபில்டர் இல்லாத மூலப் பதிவு வேண்டும் என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டேன். அனுப்பினார்கள். எண்கள் அவ்வளவு அழகாக இல்லை, ஆனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் லக்ஸ் எழுதியிருந்தது.