கோப்பர்நிகஸ் மரைன் கடல் மட்டத் தரவு: நடுக்கடலுக்கு நம்பலாம், கரைக்கு இது மட்டும் போதாது

கடல் மட்டம் உயர்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் எந்தக் கடலில் எவ்வளவு என்று யாராவது கேட்டால் நான் முதலில் திறப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் கடல் தரவுச் சேவையான கோப்பர்நிகஸ் மரைனின் தரவைத்தான். செயற்கைக்கோள்கள் அளந்த கடல் மட்டம் இதில் கிடைக்கும். இலவசம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். 1993-லிருந்து நாள்வாரியாக இருக்கிறது. பைத்தான் நிரல்மொழியில் அவர்கள் தரும் கருவியில் கடற்பகுதியையும் தேதியையும் கொடுத்தால் வேண்டிய துண்டு மட்டும் வந்துவிடும், இது பெரிய நிம்மதி.

டோபெக்ஸ்/பொசைடன், ஜேசன் வரிசை, சென்டினல்-6 ஆகிய செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 1,336 கி.மீ. உயரத்திலிருந்து ரேடார் துடிப்பை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்து மட்டத்தை அளந்து வந்திருக்கின்றன. ஒரே தடத்துக்கு மறுபடி வர ஏறக்குறைய 10 நாள் ஆகும். தடங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை மற்ற செயற்கைக்கோள்களின் அளவீட்டையும் சேர்த்துக் கணக்கால் நிரப்புகிறார்கள். அதனால் வரைபடம் வழவழப்பாகத் தெரிகிறதே என்று சின்னச் சின்ன சுழல்களை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

பத்து வருடத் தரவை வைத்து ஒரு வட்டாரத்தின் போக்கைச் சொல்வதும் ஆபத்து. உலக சராசரி ஆண்டுக்கு 3 மி.மீ.க்குச் சற்று மேல் என்றால், மேற்கு வெப்பமண்டல பசிபிக்கில் 1993-க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் அதைவிடப் பல மடங்கு வேகம், அதே காலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஏறவே இல்லை என்று சொல்லலாம். வெப்பமண்டலத்தில் கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று வலுத்து நீரை மேற்கே தள்ளியதுதான் முக்கியக் காரணம். அப்புறம், தொடக்க ஆண்டுகளில் டோபெக்ஸ் கருவியில் ஒரு விலகல் இருந்தது. போக்கு கணக்கிடும் முன் அது திருத்தப்பட்டிருக்கிறதா என்று ஆவணத்தில் பாருங்கள்.

கரைதான் பலவீனம். நிலம் ரேடார் எதிரொலியில் கலப்பதால் கடைசிப் பத்து, இருபது கி.மீ.யில் அளவீடு தடுமாறும். செயற்கைக்கோளுக்கு நிலம் எழுவதும் தாழ்வதும் தெரியாது: ஸ்டாக்ஹோமில் நிலம் எழுவதால் கரையில் நிற்பவருக்குக் கடல் இறங்குகிறது. ஆகவே ஓதமானி (கரையில் நின்று கடல் மட்டம் அளக்கும் கருவி) பதிவும், நிலத்தின் அசைவை அறியப் பக்கத்து ஜிபிஎஸ் நிலையமும் கட்டாயம் வேண்டும்.

ஏன் உயர்ந்தது என்று கேட்டால் இந்தத் தரவு தனியாகப் பதில் சொல்லாது. சூட்டில் நீர் விரிந்த பங்குக்கு 2,000 மீட்டர் ஆழம் வரை வெப்பத்தையும் உப்பளவையும் அளக்கும் ஆர்கோ மிதவைகள், சேர்ந்த நீரின் எடைக்கு ஈர்ப்பு விசையின் மாற்றத்தை அளக்கும் கிரேஸ் செயற்கைக்கோள்கள் வேண்டும். ஆர்கோவில் சில மிதவைகளின் உப்பளவு உணரிகள் போகப்போகத் தவறாகக் காட்டின, எனவே உடனடித் தரவை விட்டுவிட்டுத் தாமதமாகச் சரிபார்த்து வெளியிடும் தரவையே எடுங்கள்.