ஃபாய்ன்ஸா, ரினியானாவா? ஓர் ஆறு, இரண்டு விமானத் தளங்கள்

அயர்லாந்தில் ஷானன் ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தின் தென்கரையில் ஃபாய்ன்ஸ் இருக்கிறது. வடகரையில், சற்று மேலே, ரினியானா. 1930களில் அயர்லாந்து அரசு இரண்டு இடத்திலும் பணம் போட்டது. ஃபாய்ன்ஸ், தண்ணீரில் இறங்கும் பறக்கும் படகுகளுக்கு. ரினியானா, சக்கரம் வைத்த விமானங்களுக்கு.

முதலில் முந்தியது ஃபாய்ன்ஸ்தான், அதுவும் நியாயமாகவே. அட்லாண்டிக்கைத் தாண்டும் அளவுக்கு எரிபொருள் ஏற்றிய போயிங் 314 என்ற பறக்கும் படகு சுமார் 37 டன் எடை. அதைத் தாங்கும் நீளமான கான்கிரீட் ஓடுதளம் அப்போது பல ஊர்களில் கிடையாது. ஆற்றுக்கு அந்தக் கவலை இல்லை, நீளமும் போதும். 1939இல் பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் பறக்கும் படகு பயணிகளோடு அங்கே வந்து இறங்கியது.

ஆனால் ஃபாய்ன்ஸின் பலவீனம் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அமெரிக்காவுக்குப் போகும் வழியில் அடுத்த நிறுத்தம், இன்று கனடாவில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவின் பாட்வுட். குளிர்காலத்தில் அங்கே தண்ணீர் உறைந்துவிடும்; விமானங்கள் தெற்கே லிஸ்பன் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். ஒரு தளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மறுமுனையில் பனிக்கட்டி என்றால் என்ன பயன்? இதோடு மிதக்கும் கட்டைகள், உப்புநீர் அரிப்பு, கரைக்கும் விமானத்துக்கும் இடையே படகுப் பயணம். வானிலை மோசமாகி நடுவழியில் திரும்பி வந்த பயணிகளுக்கு ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் விஸ்கி கலந்த சூடான காபி கொடுத்தார் என்பார்கள். ஐரிஷ் காபி பிறந்த கதை அது.

இரண்டாம் உலகப் போர் கணக்கை மாற்றியது. குண்டுவீச்சு விமானங்களுக்காக உலகம் முழுக்க கான்கிரீட் ஓடுதளங்கள் போடப்பட்டன. போயிங் 314 மணிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் போனது, புதிய சக்கர விமானமான கான்ஸ்டலேஷன் 500ஐத் தொட்டது. 1945இல் போக்குவரத்து ரினியானாவுக்கு மாறியது. இன்றைய ஷானன் விமான நிலையம் அதுதான். அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன்.

சரி, அப்படியானால் தண்ணீர்த் தளத்தின் காலம் முடிந்ததா? இல்லை. மாலத்தீவின் வேலானா விமான நிலையத்தைப் பாருங்கள். ஜெட்டில் வந்து இறங்குபவர்கள் பக்கத்திலேயே ட்வின் ஆட்டர் என்ற, மிதவை மாட்டிய சிறு விமானத்தில் ஏறிச் சிறு தீவுகளுக்குப் போகிறார்கள். ஓடுதளம் போட இடமே இல்லாத தீவில் ஒரு மிதவை மேடை போதும். இருட்டிவிட்டால் பறக்க முடியாது, அதனால் மாலையில் தாமதமாக வருபவர்கள் ஓர் இரவு தங்கித்தான் போக வேண்டும். அலாஸ்காவின் ஆங்கரேஜில் உள்ள ஹூட் ஏரி இன்னும் கெட்டிக்காரத்தனமானது: ஏரி உறைந்தால் மிதவையைக் கழற்றிப் பனிச்சறுக்குப் பட்டைகளை மாட்டுகிறார்கள். சக்கர விமானங்களுக்குப் பக்கத்திலேயே சரளை ஓடுதளமும் உண்டு.

ஆனால் எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. குஜராத்தில் அகமதாபாத் சபர்மதி ஆற்றிலிருந்து, படேல் சிலை இருக்கும் கெவடியாவுக்கு 2020 அக்டோபரில் இதே ட்வின் ஆட்டர் விடப்பட்டு, 2021இல் நின்றது. நல்ல சாலை ஏற்கெனவே இருந்தது, 2021 ஜனவரியில் கெவடியா ரயில் நிலையமும் திறந்துவிட்டது. மாலத்தீவுப் பயணிக்கு இருக்கும் கட்டாயம் அங்கே யாருக்கும் இல்லை.