போலந்து டாங்கி மாடல்: எந்த ஆதாரம் கடைசிவரை கைகொடுத்தது?

இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் போலந்து தயாரித்த டாங்கிகளை 1/35 அளவில் செய்பவர்களுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. ஜெர்மன் டைகர் செய்கிறீர்கள் என்றால், அருங்காட்சியகத்தில் நிற்கும் அசல் வண்டியைச் சுற்றிச் சுற்றி எடுத்த படங்கள் குவிந்து கிடக்கும். போலந்தின் இலகுரக டாங்கியான 7டிபியில் முழு அசல் வண்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை. தயாரித்ததே 130 சொச்சம்தான். ஆகவே புத்தகம், பழைய புகைப்படம், வரைபடம் இவைதான் கதி. சில வருடங்களாக என் மேசையில் பெயின்ட் பட்டுக் கிடப்பவற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் வாங்க வேண்டியது யானுஷ் மக்னுஸ்கி 7டிபி பற்றி எழுதி 1996ல் வந்த சிறு நூல். போலிஷ் மொழிதான், ஆனால் பயப்பட வேண்டாம். போன் கேமராவைப் பக்கத்தின் மேல் காட்டினால் ஓரளவு புரிந்துவிடும். தொடரில் எது முதலில் வந்தது, எது பிறகு மாறியது என்ற வரிசை மண்டையில் ஏற இது அவசியம். இரட்டை டரட்டில் (ஆயுதம் பொருத்திய சுழலும் மேல்கூண்டு) இயந்திரத் துப்பாக்கிகளோடு வந்த ஆரம்ப வண்டி, 37 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கியோடு வந்த ஒற்றை டரட் வண்டி, அந்த டரட்டின் பின்னால் ரேடியோவுக்காகத் துருத்திக்கொண்டிருக்கும் பெட்டி எல்லாம் இதில் தெளிவாகிவிடும். படித்து முடித்ததும் இது அலமாரிக்குப் போய்விடும். தினமும் திறப்பது வேறு ஒன்று.

அது போலந்தின் தேசிய டிஜிட்டல் ஆவணக் காப்பகம். கிராகூஃப் நகரின் பழைய நாளிதழ் ஒன்றின் புகைப்படத் தொகுப்பு முழுக்க அங்கே இருக்கிறது. பார்க்கக் காசு கிடையாது. புத்தகத்தில் அச்சான படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளிகள்தான் தெரியும். இங்கே ஸ்கேனைப் பெரிதாக்கினால் ரிவெட் வரிசை தெரிகிறது, கருவிகளைக் கட்டிய வார் தெரிகிறது. 1938 அக்டோபரில் போலந்து ராணுவம் செக்கோஸ்லோவாக்கியா வசமிருந்த செஷின் பகுதிக்குள் நுழைந்தபோது எடுத்த படங்களில் ஆரம்பியுங்கள். வண்டிகள் புழுதியோடு, ஆட்களோடு, உபயோகத்தில் இருக்கின்றன. எல்லா வண்டியிலும் ரேடியோ கிடையாது என்பதால், ஆன்டெனா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் கிட்டில் (மாடலின் பாகங்கள் அடங்கிய பெட்டி) அந்தத் துண்டையே வெட்டி எடுக்கிறேன்.

வண்டியின் பின்பக்கத்துக்கு மட்டும் இந்தப் படங்கள் போதாது. அணிவகுப்பில் எல்லோரும் முன்பக்கத்தைத்தான் எடுப்பார்கள், இல்லையா? அதற்கு 1939ல் கைவிடப்பட்ட வண்டிகளின் மேல் ஏறி ஜெர்மன் சிப்பாய்கள் எடுத்துக்கொண்ட படங்கள்தான் வழி. மனசுக்குக் கஷ்டமான படங்கள். ஆனால் எஞ்சின் மூடி திறந்து கிடப்பது அவற்றில்தான் அகப்படுகிறது.

பின்லாந்தின் பரோலா டாங்கி அருங்காட்சியகத்தில் நிற்கும் விக்கர்ஸ் 6 டன் என்ற பிரிட்டிஷ் டாங்கியின் படங்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். 7டிபி அதன் வழியில் வந்ததுதான்; சக்கர அமைப்புக்கு நல்ல துணை. எஞ்சின் பகுதிக்கு மட்டும் அதைப் பார்க்கவே கூடாது. போலந்துக்காரர்கள் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு 110 குதிரைத்திறன் சவுரர் டீசல் எஞ்சினைப் பொருத்தினார்கள். அது உயரமானது என்பதால் பின்பக்கத்தையே தூக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. இணையத்தில் சுற்றும் சில வரைபடங்களில் விக்கர்ஸின் தாழ்ந்த முதுகு அப்படியே இருக்கும். ஒன்றைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து வேறொன்று என்று நகலெடுத்தவை அவை. பக்கவாட்டுப் படம் ஒன்றை அதே அளவுக்குப் பிரின்ட் எடுத்து வரைபடத்தின் மேல் வைத்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நிறம்தான் சண்டைக்குரிய இடம். 1936க்குப் பிறகான பாணியில் சாம்பல் கலந்த மணல் நிறம், ஆலிவ் பச்சை, அடர் பழுப்பு ஆகிய மூன்றும் ஸ்ப்ரே செய்த மங்கலான ஓரங்களோடு, பெரும்பாலும் கிடைமட்டத் திட்டுகளாக வரும். யோன்சா, ஷுபான்ஸ்கி, டார்சின்ஸ்கி மூவரும் சேர்ந்து 1990ல் கொண்டுவந்த 1939 செப்டம்பர் வாகனங்கள் பற்றிய நூல் இதற்கு நல்ல தொடக்கம். ஆனால் எந்த நூலானாலும் கலர் பிளேட் (வண்ணத்தில் வரைந்த படம்) என்பது ஓவியர் ஊகித்த வடிவம்தான். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து எது பச்சை, எது பழுப்பு என்று அடித்துச் சொல்பவர்களையும் நான் நம்புவதில்லை. அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பு சார்ந்த நிறங்களை இன்னும் கறுப்பாகக் காட்டும். எந்த ஃபிலிம் என்று தெரியாமல் அப்படிச் சொல்ல முடியாது.

டிகேஎஸ் குட்டி டாங்கி செய்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. அசல் வண்டிகள் மிஞ்சியிருக்கின்றன. ஓடும் நிலைக்குச் சீர்செய்தவையும் போலந்தில் உண்டு. 1/35ல் ஏழு சென்டிமீட்டர் சொச்சம்தான் நீளம். முந்தைய டிகே-3 வண்டியோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, இயந்திரத் துப்பாக்கி பந்து மூட்டில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் டிகேஎஸ். சீர்செய்த வண்டியில் புது போல்ட், புது வெல்டிங் கலந்திருக்கும், அவ்வளவுதான் எச்சரிக்கை.

இப்போது தொடங்குபவர் ஐபிஜி என்ற மாடல் நிறுவனத்தின் 7டிபி கிட்டையும் மக்னுஸ்கி நூலையும் வாங்கினால் போதும். காப்பகத்தில் ஒரே ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்து, அதையே செய்யுங்கள். போலந்து டாங்கிகள் 1939ல் பொதுவாகத் தேசியச் சின்னம் எதுவும் இல்லாமல்தான் போருக்குப் போயின. டீகால் (சின்னங்களை ஒட்டும் படத்தாள்) வேலை ஏறக்குறைய இல்லை என்பதால் அந்த நேரத்தையும் பின்பக்க எஞ்சின் மூடிக்கே கொடுக்கலாம்.