பழைய சோடியம் ஃபிட்டிங்கைக் கடையில் விடப்போகிறீர்களா? முதலில் சோக்கைப் படம் எடுங்கள்

சேலத்தில் பழைய தெருவிளக்கு சேர்க்கிற கிறுக்கு என்னைத் தவிர இன்னும் நாலைந்து பேருக்காவது இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன மாதம் ரூ.1,800 கொடுத்து ஏமாந்தேன். பணத்தைக்கூட மறந்துவிடுவேன், போன சோக்கை (விளக்குக்குப் போகும் கரண்டை அளவாக விடுகிற கம்பிச் சுருள்) நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஃபிட்டிங் 150 வாட் சோடியம், மஞ்சளாக எரியும் பழைய தெருவிளக்கு. எல்இடி வந்தபின் கழற்றிப் போட்ட சரக்கு. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கினேன். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரவில் இறங்கும்போது, கீழே ஊரே மஞ்சளாக மினுக்கும் காலத்தில் வளர்ந்தவன் நான். எல்இடி வெள்ளை எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவைத்தான் ஞாபகப்படுத்துகிறது.

மூடியைத் திறந்தால் உள்ளே காப்பர் சோக். சுருள் முனையை பிளேடால் லேசாகச் சுரண்டினேன், சிவப்பு. விளக்கைப் பற்றவைக்கிற இக்னிட்டர் மட்டும் போயிருந்தது. ஒயரெல்லாம் தொட்டாலே உதிர்ந்தது. எனக்கே மாற்றத் தெரியும், நேரம்தான் இல்லை. டவுன் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். "வச்சிட்டுப் போங்க தம்பி, அரை நாள் வேலை" என்றார். நாலு நாள் ஆனது.

திரும்ப வாங்கும்போதே கை லேசாக உணர்ந்தது. ஆனால் அவர் போட்டுக் காட்டினார். முதலில் மங்கலாக, நாலைந்து நிமிடத்தில் முழு மஞ்சள். அதைப் பார்த்தபின் எடையாவது ஒன்றாவது! பில்கூடக் கேட்கவில்லை.

வீட்டு மொட்டை மாடியில் அரை மணி நேரம் எரிந்திருக்கும், கருகல் வாடை வந்தது. டெஸ்டரை பாடியில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. என் மகள் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மெயினை அணைத்து, கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத் திறந்தேன். (அணைத்தபின்னும் அது அடிக்கும், மறந்துவிடாதீர்கள்.) பச்சை ஒயர், அதாவது எர்த், வெளியிலிருந்து ஒழுங்காகத்தான் உள்ளே வருகிறது. இரண்டு அங்குலம் வந்ததும் நுனியில் கருப்பு டேப் சுற்றி, மடக்கி, சோக்குக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். எர்த் போல்ட்டில் பழைய துரு அப்படியே இருந்தது, ஸ்பேனர் படவே இல்லை. விளக்குக்குப் போகும் ஒயர், வீட்டுக்குப் போடுகிற சாதா பிவிசி. அது 70 டிகிரிதான் தாங்கும். விளக்கின் பக்கத்தில் சூடு அதற்கு மேலே போகும் என்பதால்தான் சிலிக்கான் ஒயரோ, கண்ணாடி இழை ஸ்லீவோ போடுவது. இவர் போட்டது உருகி பாடியோடு ஒட்டியிருந்தது. ஹோல்டரில் ஃபேஸ் நடுப்புள்ளிக்கு வர வேண்டும், விளக்கைத் திருகுகிற மரைக்குக் கொடுத்திருந்தார். இக்னிட்டர் விடும் பல்ஸ் சில ஆயிரம் வோல்ட், அதுவும் அந்த மரை வழியாகத்தான் வந்திருக்கிறது.

அப்புறம் சோக். மேலே புதுப் பெயின்ட். சுரண்டினேன், வெள்ளை. அலுமினியம்.

மறுநாள் போனேன். "உங்க சோக் எரிஞ்சு போயிருந்துச்சு தம்பி, நம்ம கைக்காசுல வேற போட்டேன்" என்றார். அப்படியானால் பழையதைக் கொடுங்கள் என்றேன். எடைக்குப் போட்டாச்சாம். கொடுக்கும் முன் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். சுருள் பளபளவென்று, கருகலே இல்லாமல் தெரிகிறது. கொஞ்ச நேரம் பார்த்தார், கல்லாவிலிருந்து 500 எடுத்து வைத்தார், அடுத்த ஆளிடம் "உங்களுக்கு என்ன வேணும்ணா?" என்று திரும்பிவிட்டார்.

காப்பர் விற்கிற விலையில் அந்தச் சோக்குக்காகத்தான் வேலையையே எடுத்திருக்கிறார் என்று இப்போது புரிகிறது. வெளியே கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சோக்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தபின் நீங்களே மாட்டிக்கொள்ளலாம். முடியாவிட்டால் எடை போட்டு, அவர் கண் முன்னாலேயே படம் எடுங்கள். வாங்கும்போது எரிகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் மூடியைத் திறந்து பச்சை ஒயர் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்.

ஒயரிங் முழுக்க நானே மாற்றிவிட்டேன். 150 வாட் காப்பர் சோக் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து சுரண்டிப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.