ஒரு புள்ளியைக் கண்டுபிடித்த தண்டையார்பேட்டை கடை

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எங்களுக்கு லுங்கி, நைட்டி மொத்த வியாபாரம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வெளியூர் ஆர்டர் மெயில்கள் பாதி வரவில்லை. ஆம்பூர் கடைக்காரர் போன் செய்து, "அண்ணாச்சி, அப்படி ஒரு அட்ரஸே இல்லைன்னு திரும்பி வருது" என்றார். நெல்லூரில் இருந்து அன்றைக்கே மெயில் ஒழுங்காக வந்தது. சர்வர் அமைத்துக் கொடுத்தவர் "சரி பண்ணிட்டேன்" என்று இரண்டு முறை சொன்னார். தொல்லை மட்டும் தீரவில்லை.

தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டு மாடியில் இருக்கும் சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போனேன். அந்தத் தம்பி முதலில் எதிலும் கை வைக்கவில்லை. 'டிக்' என்ற கட்டளையை அடித்து, எங்கள் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்லும் நேம் சர்வர் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார். ஒன்று சொன்னதை இன்னொன்று சொல்லவில்லை.

விஷயம் இதுதான். நேம் சர்வர் பார்த்துப் பதில் சொல்லும் ஸோன் ஃபைலில் மெயில் சர்வரின் முழுப்பெயரை எழுதினால் கடைசியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பெயர் இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொண்டு, டொமைன் பெயரை (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வருவது) சர்வர் மறுபடியும் பின்னால் ஒட்டிவிடும். எங்களுக்கு அப்படித்தான் ஒட்டி, உலகத்தில் இல்லாத ஒரு பெயர் உண்டாகியிருந்தது. 1987-ல் எழுதிய விதியாம், இன்றும் மாறவில்லை.

முன்னவர் புள்ளியை அப்புறம் வைத்திருக்கிறார். ஆனால் ஃபைலின் மேலே உள்ள சீரியல் நம்பரைக் கூட்டவில்லை. அது கூடினால்தான் இரண்டாவது சர்வர் புது நகலை எடுத்துக்கொள்ளும். அதனால் முதல் சர்வரைக் கேட்டவர்களின் மெயில் வந்தது, இரண்டாவதைக் கேட்டவர்களின் மெயில் திரும்பிப் போனது. தம்பி அன்றைய தேதியோடு 01 சேர்த்துப் புது நம்பர் போட்டார். இரண்டு சர்வரும் ஒரே பதில் சொல்வதை என்னிடம் திருப்பிக் காட்டினார். இருபது நிமிஷ வேலை, ஐந்நூறு ரூபாய்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் உண்மையைச் சொன்னது. ஒரு முறை கேட்ட பதிலை மற்றவர்கள் எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் டிடிஎல். எங்களுக்கு அது 86400 விநாடி, அதாவது முழுதாக ஒரு நாள். "நாளைக்கு இந்த நேரம் வரைக்கும் சில பேருக்குப் பழைய பதில்தான் போகும், பதறாதீங்க அண்ணாச்சி" என்றார். அடுத்த முறை சர்வர் மாற்றும்போது ஒரு நாள் முன்னாடியே அதை 300 ஆக்கும்படி துண்டுச்சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

குறையும் உண்டு. படிக்கட்டு செங்குத்து, முட்டிவலிக்காரர்களுக்குக் கஷ்டம். ஒற்றை ஆள் என்பதால் மதியத்துக்கு மேல் போனை எடுக்க மாட்டார், காலையிலேயே நேரில் போய்விடுங்கள்.

ஆம்பூர் ஆர்டர் மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தது.