முழுவதையும் எரிப்பதா, மூன்றில் ஒரு பங்கையா?

அமெரிக்காவின் கான்சாஸ், ஒக்லஹோமா மாநிலங்களில் பரந்து கிடக்கிறது ஃபிளின்ட் ஹில்ஸ் உயர்புல்வெளி. கல் நிறைந்த மண்ணில் ஏர் இறங்காததால் பிழைத்த புல் அது.

அங்கே பல பண்ணைகள் வசந்தந்தோறும் மேய்ச்சல் நிலம் முழுவதையும் கொளுத்தி, மாடுகளை நெருக்கமாக மேயவிடுகின்றன. இளந்தளிரில் மாடு சீக்கிரம் எடை போடும். இன்னொரு முறையில் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கை மட்டும் எரிப்பார்கள். நடுவே வேலி வேண்டாம். தளிரைத் தேடி மாடுகள் தாமே எரிந்த பக்கம் போய்விடும், மற்ற இடங்களில் புல் ஓங்கும்.

இந்த இரண்டில் புல்வெளிப் பறவைகளுக்கு எது நல்லது? அங்கே வாழும் பிரெய்ரி கோழி என்ற காட்டுப் பறவையைப் பாருங்கள். சேவல்கள் கூடி ஆடக் கட்டைப்புல் வேண்டும். பெட்டையோ போன வருடத்துக் காய்ந்த புல் மேலே கவிந்திருக்கும் இடத்தில், தரையில் சிறு பள்ளம் பறித்து முட்டையிடும். குஞ்சுகளுக்குப் பூச்சியும் வேண்டும், புல்லுக்கடியில் ஓட இடைவெளியும் வேண்டும். முதல் முறையில் ஆட்டக்களம் கிடைக்கும், கூட்டுக்கு மறைவு கிடைக்காது. ஹென்ஸ்லோ குருவிக்கோ அந்த முறையில் எதுவுமே கிடைக்காது. அது எரியாத, சருகு சேர்ந்த புல்லில்தான் வாழும். கொம்பு வானம்பாடிக்கு மட்டும் மொட்டைத்தரை போதும்.

என் ஓட்டு இரண்டாவதற்கே. தீத்தடுப்புக் கோடுகள் போடும் வேலை கூடும், சரி. அதற்காக எரிப்பதையே விட்டுவிடவும் கூடாது: சிவப்பு சீடார் மரங்கள் ஏறிவிடும், மரம் வந்த இடத்தைப் பிரெய்ரி கோழி ஒதுக்கிவிடும்.